"வெளிக்குப் போகோணும்": லண்டன் மெமரி கிளினிக்குகளுக்கும் கவுன்சில்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: லண்டனில் மெமரி கிளினிக்குகளை (மறதிநோயைக் கண்டறியும் நிலையங்களை) நடத்தும் என்எச்எஸ் (அரச மருத்துவ சேவை) அமைப்புகள், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகள், கவுன்சில்களின் முதியோர் பராமரிப்புப் பிரிவுகள்

மதிப்புக்குரியவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த எண்பது வயது அம்மா ஒருவர், பராமரிப்பு இல்லத்தின் நாற்காலியிலிருந்து எழும்பி எழும்பி, "வெளிக்குப் போகோணும்" என்கிறார். தமிழ் அரைகுறையாக விளங்கும் ஊழியர் அதை "வெளியே போக வேண்டுமாம்" என்று மாற்றிச் சொல்கிறார். "அமைதியின்மை, கட்டடத்தை விட்டு வெளியேற முயல்கிறார்" என்று கோப்பில் ஏறுகிறது. அவரை மெல்லப் பிடித்து மறுபடி உட்கார வைக்கிறார்கள். அவர் கேட்டது மலசலகூடத்துக்கு வழி. சற்று நேரத்தில் உடுப்பு அழுக்காகிறது. "மலத்தை அடக்க முடியாதவர்" என்று அடுத்த வரி ஏறுகிறது, பகலிலும் பாட் (பெரியவர்களுக்கான டயப்பர்) கட்டத் தொடங்குகிறார்கள். பாட் கட்டிய பிறகும் எழும்பினால் அது "காரணமில்லாத எழும்பல்" ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு அமைதிப்படுத்தும் மாத்திரை பற்றிய பேச்சு. ஒரேயொரு சொல்லைப் பிழையாகக் கேட்டதன் விலை இது.

நாங்கள் லண்டனில் தமிழ் முதியவர்களோடு வேலை செய்யும் தாதியர், வீட்டுப் பராமரிப்பாளர், மொழிபெயர்ப்பாளர். மறதிநோய் வந்த ஒருவரைப் பற்றிக் கோப்பில் எழுதப்படும் முதல் வரிகளை அவருடைய சொந்தத் தமிழில் கேட்டு எழுதுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. முதல் பக்கம் பிழையானால் மருந்து, சாப்பாடு, உதவித்தொகை, பராமரிப்புத் திட்டம் எல்லாம் அந்தப் பிழையின் மேல்தான் கட்டப்படுகின்றன. இந்த மடலின் ஆங்கில வடிவமும் உங்களுக்கு வரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம், வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் மருமக்களும் எதைக் கேட்கத் தங்களுக்கு உரிமை உண்டு என்பதைத் தாங்களே வாசித்து அறிய வேண்டும்.

முதலில் எண்ணிக்கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தம் முதன்மை மொழி என்று சொன்னவர்கள் 2011 குடிசன மதிப்பீட்டிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மைச் சமூகங்களில் மறதிநோயோடு வாழ்பவர்கள் அப்போது சுமார் 25,000 பேர் என்றும், 2026இல் அது 50,000ஐ நெருங்கும், 2051இல் 1,72,000ஐத் தாண்டும் என்றும் நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு 2013இல் கணக்கிட்டது. அதில் தமிழர் எத்தனை பேர் என்று உங்கள் கணினியால் சொல்ல முடியாது. படிவத்தில் "இந்தியர்", "பாகிஸ்தானியர்", "பங்களாதேஷியர்" என்று பெட்டிகள் உண்டு. இலங்கைத் தமிழர் "வேறு ஆசியப் பின்னணி" என்ற பெட்டிக்குள் மறைந்துபோகிறார்கள், அல்லது யாரோ அவசரத்தில் "இந்தியர்" என்று போட்டுவிடுகிறார்கள். இனப் பெட்டியை மாற்ற உங்களால் முடியாமல் இருக்கலாம். ஆனால் மொழி, எந்த நாட்டுத் தமிழ், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, எழுத வாசிக்கத் தெரியுமா, எந்த வகுப்பு வரை படித்தார் ஆகிய ஐந்தையும் பதிய ஐந்து நிமிடம் போதும்.

பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் கடைசியாக நிற்பது அப்பாவின் பெயர் அல்லது கணவரின் பெயர். காத்திருப்பு அறையில் கணவரின் பெயரைச் சொல்லி அழைத்தால் அந்த அம்மா எழும்பமாட்டார். தன்னை அழைக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிறந்த திகதியும் அப்படித்தான். கடவுச்சீட்டுக்காக அண்ணளவாகப் போட்ட திகதியும் அவர் மனதில் உள்ளதும் வேறாக இருக்கலாம். அதை மறதி என்று எழுதுவதற்கு முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நோய் இருப்பது ஏன் பிந்தித் தெரிகிறது என்பதற்கு "களங்கம்" என்ற ஒற்றைக் காரணத்தையே உங்கள் கூட்டங்களில் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. "அறளை பெயர்ந்திட்டுது" (வயதால் புத்தி தடுமாறிவிட்டது) என்று ஊரில் சொல்வார்கள். வயது போனால் வருவது, வைத்தியத்துக்கு உரியதல்ல என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மறுபாதி மரியாதை. அம்மாவுக்கு வயது போகப் போக மருமகள் அடுப்பை எடுத்துக்கொள்கிறாள், மகன் வங்கி அலுவலைப் பார்க்கிறான், பேரப்பிள்ளை தொலைபேசியை அழுத்திக் கொடுக்கிறது. எதை இழந்தார், எதை மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாத வீடு அது. உங்கள் கேள்வித்தாள் "தன் வங்கிக் கணக்கைத் தானே கவனிக்கிறாரா?" என்று கேட்கிறது. அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. அதற்குப் பதிலாக அவர் செய்துவந்த வேலைகளைக் கேளுங்கள். சொதிக்கு உப்பு இரண்டு தரம் விழுகிறதா? சேலைக் கொசுவம் இப்போதும் சரியாக வருகிறதா? சாமி படத்துக்கு முன் சொல்லும் தேவாரத்தில் நடுவில் நின்றுவிடுகிறாரா? கோவிலிலிருந்து பஸ் மாறி வரத் தெரிகிறதா? ஒரே சங்கதியைச் சொல்ல ஒரே நாளில் தங்கைக்கு எத்தனை தரம் போன் எடுத்தார்? "மூன்று வருஷத்துக்கு முன் தானாகச் செய்த எதை இப்போது செய்வதில்லை?" என்ற ஒரு கேள்வி பத்துக் கேள்விக்குச் சமம்.

கிளினிக்குக்கு அனுப்பும் முன் ஜீபி (குடும்ப வைத்தியர்) எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் பி12ஐ விட்டுவிடாதீர்கள். எங்கள் முதியவர்களில் சைவ உணவுக்காரர் நிறையப் பேர். அவர்களில் பலர் நீரிழிவுக்காகப் பல வருடங்களாக மெட்ஃபோர்மின் எடுப்பவர்கள். இரண்டுமே பி12ஐக் குறைக்கும். பி12 குறைந்தாலும் மறதி வரும், தைரொயிட் குறைந்தாலும் வரும், காது கேளாமல் போனாலும் மறதி போலத் தெரியும். திடீரென்று இரண்டு மூன்று நாளில் குழம்பினால் மறதிநோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாமல் முதலில் சீனி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் மூன்றையும் பாருங்கள். கந்தசஷ்டி விரதமென்று சாப்பிடாமல் கிளிக்லசைட் என்ற நீரிழிவு மாத்திரையை மட்டும் போட்டால் சீனி இறங்கும். அந்தக் குழப்பம் சீனி போட்ட ஒரு தேத்தண்ணியில் தெளிந்துவிடக்கூடும். இதை விரதத்துக்கு முன்பே பேசி மாத்திரையைச் சரிசெய்ய வேண்டியது ஜீபியின் மருந்தகர்.

இனித் தேர்வு. மெமரி கிளினிக்குகளில் பரவலாகப் பயன்படும் ஏசிஇ-3 என்ற நினைவாற்றல் தேர்வு நூறு புள்ளிகள் கொண்டது. 88, 82 என்ற இரண்டு எல்லைக்கோடுகளை வைத்துக் கணிக்கிறார்கள். அதில் இங்கிலாந்துப் பெயரும் டெவன் விலாசமும் கொண்ட ஒரு முகவரியை நினைவில் வைக்கச் சொல்கிறார்கள். 1960களில் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி யார் என்று கேட்கிறார்கள். யாழ் போன்ற மேலைநாட்டு நரம்பு வாத்தியம், அக்கோடியன், பெங்குவின், மரப்பீப்பாய் ஆகியவற்றின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். உச்சரிப்பும் எழுத்தும் ஒத்துப்போகாத ஆங்கிலச் சொற்களை வாசிக்கச் சொல்கிறார்கள். தமிழில் அப்படிப்பட்ட சொற்களே அரிது என்பதால் மொழிபெயர்த்தாலும் அந்தக் கேள்வி செத்துவிடும். இன்னொன்று ஒரு நிமிடத்துக்குள் "பி" (P) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்கள். மொழிபெயர்ப்பாளர் "ப-வில் தொடங்கும் சொற்கள் சொல்லுங்கோ" என்கிறார். முதியவர் "பலா, பழம், பனை" என்று சொல்லிவிட்டு நிற்கிறார். அவருக்கு ப வேறு, பா வேறு, பி வேறு. அரிச்சுவடி அப்படித்தான் கற்பித்தது. பால், பிள்ளை, புட்டு, பூ, பொட்டு எல்லாம் சேர்த்தி என்று ஒருவரும் சொல்லவில்லை. போன புள்ளிகள் மூளையால் போனவையல்ல.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. சிட்னியில் உருவாகி 2004இல் வெளிவந்த ரூடாஸ் என்ற தேர்வு, மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்யவென்றே வடிவமைக்கப்பட்டது. மொத்தம் 30 புள்ளி. 22 அல்லது அதற்குக் கீழே என்றால் மேலும் ஆராய வேண்டும். தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம் என்று நான்கு சாமான்களை நினைவில் வைக்க வேண்டும். இடது கையைக் காட்டு, வலது காதைத் தொடு என்பதைப் போன்ற உடல் சார்ந்த கட்டளைகள், ஒரு கையை முட்டியாகவும் மறு கையை விரித்தும் மாறி மாறி வைப்பது, வாகனம் நெரியும் தெருவைக் கடக்கும் விதம், விலங்குகளின் பெயர், ஒரு கனசதுரம் வரைவது. கனசதுரத்துக்கு 3 புள்ளி. பென்சில் பிடித்தே பழகாதவருக்கு அது கைக்குப் புதிய வேலை, ஆகவே படிப்பைப் பக்கத்தில் குறித்துவிட்டுத்தான் புள்ளியைப் பார்க்க வேண்டும். எந்தத் தேர்வானாலும் புள்ளியை மட்டும் வைத்து நோயைச் சொல்லாதீர்கள், இல்லையென்றும் சொல்லாதீர்கள். பழைய ஆசிரியர் ஒருவர் நோய் தொடங்கிய பிறகும் 27 எடுப்பார்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல தேர்வும் இங்கேதான் கெடுகிறது. "தமிழ்" என்று மட்டும் பதிந்தால் யார் கிடைக்கிறாரோ அவர் வருவார். தமிழ்நாட்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளருக்கு "அம்மா இரவிலை தனியக் கதைக்கிறா" என்பது "இரவில் தனியாகக் கதை சொல்கிறார்" என்று காதில் விழக்கூடும். யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது. அது போலவே "சலம்" என்றால் சிறுநீர். "விசர்" என்றால் பைத்தியம், சில நேரம் வெறும் எரிச்சல். மறுபக்கமும் உண்டு: மதுரைக்காரரின் பேச்சு யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளருக்குத் தடுக்கும். ஆகவே பதியும்போதே ஊரைக் கேளுங்கள். முடிந்தவரை நேரில் வரச் சொல்லுங்கள். காது மந்தமான முதியவருக்கு மேசையில் வைத்த ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரல் யாருடையது என்பதே விளங்காது. சந்திப்புக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். ஒரே ஆளையே அடுத்த முறையும் அழையுங்கள்.

சந்திப்புக்கு முன் பத்து நிமிடம் மொழிபெயர்ப்பாளருடன் தனியாக இருந்து ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: உடைந்த வசனத்தை உடைந்தபடியே தாருங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளரின் பழக்கம் முதியவரின் தடுமாற்றத்தைச் சீராக்கி அழகான ஆங்கிலத்தில் சொல்வது. வேறு கிளினிக்கில் அது நன்மை. இங்கே அது நோயின் தடயத்தையே துடைத்துவிடுகிறது. சொல் தேடித் தவித்தாரா, கேள்வியை விட்டு எங்கோ போனாரா, ஒரே பதிலைத் திரும்பச் சொன்னாரா, "அது, அந்தச் சாமான்" என்று பெயரில்லாமல் சுற்றினாரா என்பது வைத்தியருக்குக் கிடைக்க வேண்டும். குடும்பத்தவரை மொழிபெயர்க்க வைப்பதில் இதைவிடப் பெரிய சிக்கல்: மகள் அம்மாவுக்காகப் பதிலே சொல்லிவிடுவாள், அதுவும் அன்பினால். பேரப்பிள்ளைகளை அந்தக் கதிரையில் இருத்தவே கூடாது.

முடிவைச் சொல்லும் நாளில் சொல்லைத் தேர்ந்து பேசுங்கள். மெமரி கிளினிக்குகளில் பல மனநல அமைப்புகளின் கீழ் இயங்குவதால் கடிதத் தலைப்பில் அந்தப் பெயரே வருகிறது. "விசர் ஆஸ்பத்திரிக் கடிதம்" என்று குடும்பம் அதை ஒளித்துவிடுகிறது. ஜீபி நிலையத்திலேயே முதல் சந்திப்பை வைத்தால் வருகிறவர் தொகை கூடும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். "மூளையில் வரும் ஒரு நோய், பெயர் டிமென்ஷியா, தமிழில் மறதிநோய்; யாருடைய குற்றமும் இல்லை, பரம்பரைச் சாபமும் இல்லை" என்று நேராகச் சொல்லலாம். "அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களோடு வாதாடாமல், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அம்மாவையே முதலில் கேளுங்கள்.

அன்றைக்கே பேச வேண்டிய இன்னொன்று, தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் அதிகாரப் பத்திரம். மூத்த மகனுக்குத் தானாகவே அதிகாரம் உண்டு என்றுதான் எங்கள் வீடுகளில் நம்புகிறார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி இல்லை. பணமும் சொத்தும் பற்றியது ஒன்று, உடல்நலமும் பராமரிப்பும் பற்றியது ஒன்று என இரண்டு பத்திரங்கள் உண்டு. விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இருக்கும்போதே அவற்றில் கையெழுத்திட வேண்டும், பிறகு பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். முதியவருக்கு விளங்கியது என்று சான்று தருபவர் குடும்பத்தவராக இருக்கக் கூடாது. காலம் கடந்தால் காப்பு நீதிமன்றம்தான் வழி. அது அதிகச் செலவு, நெடுங்காலம். 2005ஆம் ஆண்டின் மன ஆற்றல் சட்டம், ஒருவருக்கு ஏற்ற விதத்தில் விளக்கிச் சொன்ன பிறகே அவருக்கு விளங்கவில்லை என்று முடிவு செய்யலாம் என்கிறது. ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு "ஆற்றல் இல்லை" என்று எழுதுவது அந்தச் சட்டத்துக்கே விரோதம்.

உதவித்தொகைப் படிவத்திலும் சொல்தான் கெடுக்கிறது. அரச ஓய்வூதிய வயதைக் கடந்தவருக்கு உரிய அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் 2025-26இல் வாரத்துக்கு 73.90 அல்லது 110.40 பவுணாக இருந்தது; அதற்கு வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை. "உதவி தேவையா?" என்ற கேள்விக்கு மகள் "இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதிவிடுகிறாள். கேள்வி தேவையைப் பற்றியது. யார் செய்கிறார்கள் என்பதைப் பற்றியதல்ல. இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள், எவ்வளவு நேரம் விழித்திருக்கிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வைத்து எழுதினால் கூடிய விகிதம் கிடைக்க வழியுண்டு. இந்த உதவித்தொகை எந்த விகிதத்தில் கிடைத்தாலும், வைத்தியரின் சான்றோடு கவுன்சில் வரியிலும் விலக்குக் கேட்கலாம்: மறதிநோய் உள்ளவரும் இன்னொரு பெரியவரும் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு 25 வீதக் கழிவு, அவர் தனியே இருந்தால் முழு விலக்கு. கவுன்சில் உத்தியோகத்தர்களே இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி பராமரிப்பவருக்கும் தனி மதிப்பீடு உரியது. நீங்கள் வீட்டுக்கு வரும்போது முன்னறையில் இருந்து பேசுபவர் மூத்த மகன். குளிப்பாட்டுபவரும் இரவில் எழும்புபவரும் குசினியில் நிற்கும் மருமகள். மாமியின் முன்னால் அவர் "ஒரு கஷ்டமும் இல்லை" என்றுதான் சொல்வார். அவரை வேறொரு நாளில், வேறொரு இடத்தில், தமிழில் கேளுங்கள். பராமரிப்புச் சேவைக்குப் பதிலாகக் கவுன்சில் தரும் பணமான நேரடிக் கொடுப்பனவை வைத்து உறவினரை வேலைக்கு அமர்த்தலாம். ஒரே வீட்டில் வசிப்பவருக்குப் பொதுவாக அனுமதியில்லை, அடுத்த தெருவில் இருக்கும் சித்திக்கு உண்டு. தமிழ் பேசும் ஊழியர் கிடைக்காத இடத்தில் இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது.

பகல் நேர நிலையங்களைப் பற்றி. "தெற்காசிய முதியோர்" என்று பெயர் வைத்த இடத்தில் குஜராத்தியும் பஞ்சாபியும் உருதுவும் நடக்கும், தொலைக்காட்சியில் இந்திப் படம் ஓடும். தமிழ் ஐயா சுவரோரமாக நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு வருவார். "ஈடுபாடு குறைவு" என்று அறிக்கை வரும். மாதத்தில் இரண்டு நாளாவது தமிழுக்கென ஒதுக்குங்கள். வாரம் இரண்டு அமர்வாக ஏழு வாரம், பதினான்கு அமர்வுகள் கொண்ட அறிவுத்தூண்டல் குழுவைத் தமிழிலேயே நடத்தலாம். பழைய பாட்டு, ஊர்ச் சந்தை விலை, பனம்பழத்தின் மணம் என்று தலைப்புக்குப் பஞ்சமில்லை.

சாப்பாட்டில் உயிராபத்து உண்டு என்பதால் நுணுக்கமாகச் சொல்கிறோம். விழுங்கச் சிரமப்படுபவருக்கான உணவை உலகப் பொது அளவுகோல் 0 முதல் 7 வரை வகுக்கிறது. ஐந்தாம் படியில் துண்டு 4 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது, ஆறாம் படியில் 15 மில்லிமீற்றர். பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் தரும் தாளில் உருளைக்கிழங்கு மசியலும் கஸ்டர்டும் இருக்கும். வீட்டில் இருப்பது சோறும் புட்டும். புட்டு காய்ந்து உதிரும், தொண்டையில் சிதறும். ஐந்தாம், ஆறாம் படிக்காரருக்குக் கொடுக்கவே கூடாது. உதிரிச் சோறும் அப்படியே. சோற்றைக் குழைய வேகவைத்துப் பருப்பும் தண்ணீர்க் கறியும் விட்டுப் பிசைந்தால் ஐந்தாம் படிக்குக் கொண்டுவரலாம், ஆனால் பசை போல ஒட்டவும் கூடாது, நீர் தனியே பிரியவும் கூடாது. இடியப்பத்தைச் சிறிதாக நறுக்கிச் சொதியில் நன்றாக ஊறவைக்க வேண்டும். கறிவேப்பிலை, கடுகு, மிளகாய்த் தோல், மீன் முள் எல்லாம் வடிகட்டப்பட வேண்டும். இதைச் சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக் குசினியில் நின்று ஒருமுறை செய்து காட்டினால் போதும். கரண்டியைத் தூக்கத் தெரியாமல் போனவர் கையால் அள்ளிச் சாப்பிடுவார்; கையைக் கழுவிவிட்டு விட்டுவிடுங்கள், அது பின்னடைவல்ல. குளிக்க மறுப்பவருக்கு வாளியும் கோப்பையும் வைத்துப் பாருங்கள். தலைக்கு மேலிருந்து கொட்டும் ஷவரை அவர் நாற்பது வயதுக்குப் பிறகுதான் கண்டார்.

கடைசியாக, பதிவேட்டில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று. 1983 முதல் 2009 வரை போருக்குள் இருந்தவர்கள் இவர்கள். புதிய நினைவு உதிரும்போது பழையது முன்னுக்கு வருகிறது. நவம்பர் 5ஆம் திகதி வாணவேடிக்கைச் சத்தத்தில் கட்டிலுக்குக் கீழே புகுபவர், ஹெலிகொப்டர் சத்தம் கேட்டு விளக்கை அணைக்கச் சொல்பவர், சீருடை அணிந்த காவலாளியைக் கண்டு அடையாள அட்டையைத் தேடுபவர் ஆகியோருக்கு மாயத் தோற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். மனநோய்க்கான மாத்திரை தொடங்கும் முன் அந்த நடத்தைக்கு முன் என்ன சத்தம் கேட்டது, யார் உள்ளே வந்தார் என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். அந்த வகை மாத்திரையான ரிஸ்பெரிடோன் தேவைப்பட்டாலும் அது ஆறு வாரம் வரைக்கே அனுமதிக்கப்பட்டது. தொடங்கிய நாளிலேயே நிறுத்தும் நாளையும் எழுதுங்கள். லூயி பொடி வகை மறதிநோயில் அது பேராபத்து. திரையை மூடி, வானொலியைப் போட்டு, பக்கத்தில் இருந்து "இஞ்சை ஒண்டும் இல்லை, நான் இருக்கிறன்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் அன்றிரவு மாத்திரை தேவைப்படாது.

ஒவ்வொரு கோப்பின் முன்னாலும் ஒரேயொரு தாள் வையுங்கள்: அவரை எப்படி அழைக்க வேண்டும், எந்த ஊர், எந்த நாட்களில் மரக்கறி, எந்தச் சத்தத்துக்குப் பயம், வலி, பசி, மலசலகூடம் ஆகியவற்றுக்கு அவர் வாயில் வரும் சொல் எது, அதை ஆங்கிலத்தில் எப்படி உச்சரிப்பது. முதல் இருபது சொற்களை எழுதித் தர நாங்கள் ஆயத்தம். "வெளிக்கு" என்பதை முதலாவதாக எழுதுவோம்.

இப்படிக்கு,
தமிழ் பேசும் தாதியர், பராமரிப்பாளர், மொழிபெயர்ப்பாளர்
லண்டன்